கல்யாண மண்டபத்தில் ஃபிலிம் கேமரா: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மாப்பிள்ளை தாம்பாளத்திலிருந்து தாலியைக் கையில் எடுப்பதற்கும், நாத்தனார் கடைசி முடிச்சைப் போட்டு முடிப்பதற்கும் இடையே பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. கெட்டிமேளம் முழங்க, நான்கு பக்கமிருந்தும் அட்சதை வந்து விழ, உறவினர் அனைவரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும் அந்தச் சிறு பொழுதுக்காகத்தான் நம்மை அழைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் கேமராவில் அந்த நேரத்தில் நூறு படங்கள் எடுக்கலாம். ஃபிலிம் கேமராவில் அதிகம் போனால் எட்டுப் படங்கள் எடுக்க முடியும். அந்த எட்டும் சரியாக விழுந்தனவா என்பது ரோலைக் கழுவிய பிறகுதான் தெரியும்.

இருந்தும் ஃபிலிமில் எடுக்க விரும்பும் இளைஞர்கள் இப்போது பலர் என்னிடம் வருகிறார்கள். நான் தொழில் கற்ற தொண்ணூறுகளில் எங்களுக்கு வேறு வழியே இல்லாததால், ஃபிலிமில் எடுப்பதை யாரும் தனித்திறமையாக எண்ணியதில்லை. இன்று தொடங்குபவருக்கு அந்த அன்றாடப் பழக்கம் இல்லை என்பதால், மண்டபத்தில் எது எந்த வரிசையில் தவறிப்போகக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம். டிஜிட்டலில் கல்யாணம் எடுத்துப் பழகியவர், தன் முதல் ஃபிலிம் கேமராவை மண்டபத்துக்குள் கொண்டுசெல்வதற்கு வேண்டிய செய்திகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நிபந்தனையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்தாறு கல்யாணங்களில் ஃபிலிம் கேமரா உங்களுடைய இரண்டாவது கேமராவாக மட்டுமே இருக்கவேண்டும். ஒருவருடைய முகூர்த்தம் திரும்பி வராது. நம்முடைய ஆசைக்கு அதைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. குடும்பத்தாரிடமும் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஃபிலிமில் எத்தனை ரோல் எடுக்கப்போகிறீர்கள், அவை கழுவி வர எத்தனை வாரம் ஆகும், அவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவை முன்பணம் வாங்கும் நாளிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

கேமராவைத் தேர்ந்தெடுத்தல்

என் பரிந்துரை, பேட்டரி இல்லாமலும் ஷட்டர் இயங்கும் 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமரா ஒன்றுதான். 1982இல் வெளிவந்த நிக்கான் எஃப்எம்2 இவ்வகையில் மிகச் சிறந்தது. அதன் பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டுமே பயன்படுகிறது. பேட்டரி தீர்ந்தாலும் எல்லா ஷட்டர் வேகங்களிலும் படம் எடுக்கலாம். 1976 முதல் 1997 வரை விற்பனையில் இருந்த பென்டாக்ஸ் கே1000 இன்னும் எளிமையானது, உறுதியானது. ஆனால் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம் கே1000இல் 1/60 மட்டுமே. எஃப்எம்2இன் பிந்தைய பதிப்பில் அது 1/250. மண்டபத்துக்குள் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. வெயில் ஏறிய பிறகு வாசலில் குடும்பத்தாரை நிறுத்தி, முகத்தில் விழும் நிழலை ஃபிளாஷால் நிரப்ப முயலும்போது தெரியும். பலர் விரும்பி வாங்கும் கேனன் ஏஇ-1 நல்ல கேமராதான் என்றாலும், பேட்டரி தீர்ந்த கணமே அதன் ஷட்டரும் நின்றுவிடும். அதை வைத்திருப்பவர் சட்டைப்பையில் மாற்று பேட்டரி இல்லாமல் மண்டபத்துக்குள் நுழையக்கூடாது.

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் (லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனிக் கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்பவை) பல, 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பிச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரிகள் இப்போது விற்பனையில் இல்லை. அதற்குப் பதிலாக 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால், அவற்றுள் பலவற்றில் மீட்டர் தவறான அளவைக் காட்டும். வீட்டில் வைத்துப் பழக அவை ஏற்றவை, கல்யாணத்துக்கு வேண்டாம்.

பழைய கேமராவை வாங்கும்போது, வெளிப்புறப் பளபளப்பைவிட உள்ளிருக்கும் நிலையைப் பாருங்கள். பின்கதவைத் திறந்தால் அதன் விளிம்புப் பள்ளங்களில் கறுப்பு நுரைப்பட்டை இருக்கும். லைட் சீல் என்பது அதுதான். பல்குச்சியால் தொட்டுப் பார்க்கும்போது தார்போல ஒட்டிக்கொண்டு வந்தால் அது மக்கிவிட்டது என்று பொருள். மாற்றாமல் படம் எடுத்தால் வெளிச்சம் கசிந்து ஆரஞ்சு நிறக் கோடுகள் விழும். அடுத்து லென்ஸைக் கழற்றி, அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, செல்பேசி டார்ச்சை ஒரு முனையில் பிடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த லென்ஸ்களில் இது மிகச் சாதாரணம். பூஞ்சை லேசாக இருந்தால் பழுதுபார்ப்பவர் துடைத்து எடுத்துவிடுவார். கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்திருந்தால் அந்த லென்ஸை வாங்காதீர்கள்.

கடைசியாக, ரோல் இல்லாமல் பின்கதவைத் திறந்துவைத்து, வெளிச்சத்தை நோக்கி ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் அழுத்திப் பாருங்கள். ஒரு வினாடி என்பது காதுக்கு ஒரு வினாடியாகவே கேட்கவேண்டும். 1/1000இல் சட்டகம் முழுவதும் ஒரே சீராக மின்னி மறையவேண்டும். எல்லாம் சரியாகத் தோன்றினாலும் ஒரு ரோலை வீட்டில் எடுத்துக் கழுவிப் பார்க்காமல் எந்தக் கேமராவையும் மண்டபத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். லென்ஸைப் பொறுத்தவரை 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்றே போதும். மேடையைவிட்டு இறங்காமல் மணமக்களின் முகத்தை நெருங்க விரும்பினால், பின்னொரு நாளில் 85 அல்லது 105 மி.மீ. லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ரோல் வாங்குதலும் பாதுகாத்தலும்

ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிமைத் தயாரித்து வந்தது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இன்று நமக்குக் கிடைக்கும் ரோல்கள் பெரும்பாலும் இறக்குமதியானவை என்பதால், ஒரு மாதம் கிடைப்பது அடுத்த மாதம் கிடைக்காமல் போகலாம். ஆகவே கல்யாணத் தேதி உறுதியான உடனேயே ரோலை வாங்கிவிடுங்கள். பழைய ஸ்டூடியோ அலமாரிகளில் காலாவதியான ரோல்கள் அகப்படுவதுண்டு. அவற்றை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளலாம். பிறர் வீட்டுக் கல்யாணத்தில் சோதித்துப் பார்க்கக்கூடாது.

மண்டபத்துக்கு உள்ளே ஐஎஸ்ஓ 400க்குக் குறைந்த ரோல் பயன்படாது. கலரில் கோடக் போர்ட்ரா 400, கறுப்பு வெள்ளையில் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஆகிய இரண்டும் தொடங்குபவரின் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் இயல்புடையவை. கலர் நெகட்டிவுக்கு வெளிச்சம் சற்று மிகுந்தால் கேடில்லை, குறைந்தால்தான் கேடு. நிழற்பகுதிகள் சேறுபோலக் கலங்கிவிடும். அதனால் ஐஎஸ்ஓ 400 கலர் ரோலைப் போட்டுவிட்டு மீட்டரை 200இல் வைத்து எடுப்பது நல்ல பழக்கம். பகலில் வாசலிலும் தோப்பிலும் எடுக்கக் கோடக் கோல்டு 200 போதுமானது.

ரோலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நெடுநாள் கெடாது. ஆனால் வெளியே எடுத்த உடனே டப்பாவைத் திறக்காதீர்கள். குளிர்ந்த ஃபிலிமின்மேல் ஈரம் படிந்துவிடும். முகூர்த்தம் விடியற்காலை என்றால் முந்தைய இரவே எடுத்து வெளியில் வைத்துவிடுவது நல்லது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் வெயிலில் நிற்கும் காருக்குள் ரோலை விட்டுச்செல்வது அதைக் கெடுப்பதற்குச் சமம். வெளியூர்க் கல்யாணத்துக்கு விமானத்தில் போவதானால், ரோலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே கருவிக்குள் அனுப்பாமல் கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். மருத்துவமனை சிடி ஸ்கேன் போன்று இயங்கும் புதிய வகைக் கருவிகள் ஃபிலிமில் புகைமூட்டம் ஏற்படுத்துகின்றன. என்னால் முடிந்தவரை நான் ரயிலில்தான் போகிறேன்.

ரோல் ஏற்றுதல்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஃபிலிமில் நேரும் பெரிய இழப்புகள் ஷட்டரை அழுத்தும்போது அல்ல, பெரும்பாலும் ரோலை ஏற்றும்போதே நேர்ந்துவிடுகின்றன.

வெயில் படாத இடத்தில், அதுவும் கிடைக்காவிட்டால் உங்கள் சொந்த நிழலிலாவது நின்றுகொள்ளுங்கள். பின்கதவைத் திறந்து ரோலை இடப்பக்க அறையில் பொருத்தி, ஃபிலிமின் நாக்கை இழுத்து, வலப்பக்கச் சுருளின் பிளவில் செருகுங்கள். ஃபிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாகத் தள்ளி, ஃபிலிமின் மேல், கீழ் விளிம்புத் துளைகள் இரண்டுமே பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கதவை மூடவேண்டும். பின்பு இடப்பக்க ரீவைண்டு குமிழை அம்புக்குறி காட்டும் திசையில், இறுக்கம் தட்டுப்படும்வரை மென்மையாகச் சுற்றுங்கள். இப்போது லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழ் எதிர்த்திசையில் சுழலவேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது; சுழலாவிட்டால் நகரவில்லை. இதற்கு மேல் வேறு சான்று தேவையில்லை.

படம் எண்ணும் முள்ளை நம்பாதீர்கள். ஃபிலிம் நகர்ந்தாலும் நகராவிட்டாலும், லீவரைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் அது ஓர் எண் முன்னே போகும். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் கும்பகோணத்துக்கு அருகே ஒரு வீட்டில் நலங்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் பாட்டி, கை நடுக்கத்தோடு பேத்தியின் கன்னத்தில் சந்தனம் பூசிய காட்சி என் கண்ணில் இன்றும் நிற்கிறது. முள் 36ஐத் தாண்டி 37, 38 என்று போனபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. குமிழைச் சுற்றிப் பார்த்தேன். எந்தத் தடையும் இல்லாமல் சுழன்றது. ஃபிலிமின் நாக்கு சுருளில் மாட்டவே இல்லை. ஒரு படம்கூட விழவில்லை என்பதைப் பெண்ணின் அப்பாவிடம் போய் நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, "அம்மா இன்னொரு தடவை உட்காரமாட்டாங்களே தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு ரோலிலும் முதல் மூன்று முறை லீவரைத் தள்ளும்போது என் கண் வ்யூஃபைண்டரில் இருக்காது, குமிழின்மேல்தான் இருக்கும்.

எடுத்து முடித்த ரோலை உள்ளே முழுவதுமாகச் சுற்றிவிடுங்கள்; நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அவசரத்தில் அதையே புது ரோல் என்று எண்ணி மறுபடி ஏற்றிவிடக்கூடும். டப்பாவின்மேல் மார்க்கரால் வரிசை எண்ணையும் நிகழ்வின் பெயரையும் எழுதி, புது ரோல் இருக்கும் பைக்கு நேர் எதிர்ப்பக்கப் பையில் போடுங்கள். எனக்கு வலப்பை புதியது, இடப்பை எடுத்தது. எந்தக் கல்யாணத்திலும் இதை நான் மாற்றியதில்லை.

வெளிச்சத்தை அளத்தல்

பழைய கேமராவின் மீட்டர், எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்கிறது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் சட்டகத்தை நிறைத்தால், வெளிச்சம் மிகுதி என்று நினைத்து அது குறைத்துச் சொல்லும், முகம் இருண்டுபோகும். அரக்கு நிறக் கூறைப்புடவையை மட்டும் அளந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். இதற்கு எளிய வழி, மணமக்கள்மேல் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, அது சட்டகத்தை நிறைக்கும்படி வைத்து அளந்து, பிறகு ஒரு ஸ்டாப் (அதாவது இருமடங்கு வெளிச்சம் விழும்படி) திறந்துகொள்வதுதான். உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிர்ந்தது. மனிதர்களின் தோல் நிறம் எவ்வளவு வேறுபட்டாலும் உள்ளங்கையின் நிறம் அவ்வளவாக வேறுபடுவதில்லை.

மண்டபத்தின் வெளிச்சம் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. சரவிளக்கின் மஞ்சள், வீடியோக்காரரின் எல்இடி, மேடை அலங்காரத்தின் ஊதா எல்லாம் ஒரே முகத்தின்மேல் விழும். கலர் நெகட்டிவ் பகல் வெளிச்சத்துக்கென்று செய்யப்பட்டது என்பதால் இந்தக் கலவையை அது அப்படியே பதிவுசெய்துவிடும். மேடையில் எடுக்கும் கலர் படங்களுக்கு ஃபிளாஷ் போடுங்கள்; ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கவேண்டிய காட்சிகளைக் கறுப்பு வெள்ளைக்கு விட்டுவிடுங்கள். ஹோமப்புகை எழும்போது ஃபிளாஷை நேராக அடித்தால் முன்னால் வெண்திரை போட்டதுபோலாகும். புகையின் பின்னிருந்து வரும் வெளிச்சத்தில் எச்பி5இல் எடுத்த படத்தைத்தான் குடும்பத்தார் பல ஆண்டுகளுக்குப் பிறகும் எடுத்துப் பார்க்கிறார்கள். வெளிச்சம் மிகக் குறைவாக இருந்தால், அதே ரோலை முழுவதும் 1600 என்று மீட்டரில் வைத்து எடுத்து, கழுவும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

முகூர்த்தம்

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பாக, ரோலில் எத்தனை படம் மீதி இருந்தாலும் சுற்றி எடுத்துவிட்டுப் புது ரோலை ஏற்றுங்கள். பத்துப் படம் வீணாகிறதே என்று தயங்காதீர்கள். தாலி கட்டும் நேரத்தில் ரோல் தீர்ந்தால் அந்தப் பத்துப் படத்தைக் கொண்டு ஈடுசெய்ய முடியாது.

அடுத்து, நிற்கும் இடம். முடிச்சு கழுத்துக்குப் பின்னால் விழுகிறது. அங்கே நாத்தனாரும் மற்றப் பெண்களும் சூழ்ந்துவிடுவார்கள். விரல்களையும் முகத்தையும் ஒருசேரப் பிடிக்க முயன்று இரண்டையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பக்கம், மாப்பிள்ளையின் தோளுக்குச் சற்று வெளியே நின்று, குனிந்த பெண்ணின் முகத்தையும் அவரைச் சூழ்ந்த கைகளையும் எடுப்பதே சரி. வீடியோக்காரரிடம் முன்னதாகவே பேசி, யார் எங்கே நிற்பது என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள். சாஸ்திரிகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கெட்டிமேளத்துக்கு அவர் கைகாட்டும் சைகைதான் உங்களுக்கும் சைகை.

ஃபிளாஷை முன்பே கணக்கிட்டு வைத்துவிட்டால் அந்த நேரத்தில் யோசிக்க ஒன்றும் இருக்காது. கைடு நம்பர் என்பது ஃபிளாஷின் சக்தியைக் குறிக்கும் எண்; அதைத் தூரத்தால் வகுத்தால் வைக்கவேண்டிய எஃப் எண் கிடைக்கும். தூரத்தை மீட்டரில் கணக்கிட்டால், ஐஎஸ்ஓ 100க்குக் கைடு நம்பர் 36 உள்ள ஃபிளாஷுக்கு ஐஎஸ்ஓ 400இல் அது 72 ஆகிறது. அதன் சக்தியை 1/16ஆகக் குறைத்தால் கைடு நம்பர் 18. நீங்கள் நிற்பது இரண்டேகால் மீட்டர் தூரத்தில் என்றால், 18ஐ 2.25ஆல் வகுக்க எஃப் 8 கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் அந்தத் தூரத்தில் எஃப் 8 வைத்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் கூர்மையாக விழும். எனவே பெண்ணின் நெற்றிச்சுட்டியில் ஃபோகஸ் செய்துவிட்டு வளையத்தைத் தொடாமல் விட்டுவிடலாம். கலர் ரோலுக்கு முன்பு சொன்னபடி ஒரு ஸ்டாப் கூட்ட நினைத்தால் எஃப் 5.6 வையுங்கள், அப்போது ஆழம் சற்றுக் குறையும். சக்தி குறைவாக இருப்பதால் ஃபிளாஷ் உடனுக்குடன் மறுபடி தயாராகிவிடும். ஷட்டர் 1/60இல் இருக்கட்டும். ஒத்துப்போகும் வேகத்துக்கு மேலே தவறிப் போய்விட்டால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாகவே விழும்.

தாலியைக் கையில் எடுக்கும்போது ஒன்று, முடிச்சுகளின்போது நான்கு, அட்சதை காற்றில் இருக்கும்போது ஒன்று, அதன்பின் பெண் தலைநிமிரும்போது இரண்டு என்று நான் மனத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன். அட்சதை படம்தான் கடினம். அரிசி கையைவிட்டுப் புறப்பட்டதைப் பார்த்து அழுத்தினால் அது ஏற்கெனவே விழுந்திருக்கும். மேளத்தின் நடை மாறிய உடனே ஒன்று எண்ணி அழுத்தவேண்டும். ஃபிளாஷின் ஒளி மிகக் குறுகிய நேரமே மின்னுவதால், ஒவ்வொரு மணியும் காற்றில் நின்றபடியே பதிவாகும்.

தாலி ஏறியதும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். அம்மி மிதித்து மெட்டி அணிவிப்பது உடனே தொடரும். அதற்கு நீங்கள் தரையில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

கழுவுதலும் அதற்குப் பிறகும்

கலர் ரோல், சி-41 என்னும் முறையில் கழுவப்படுகிறது. படத்தைத் தோன்றச் செய்யும் திரவமான டெவலப்பரில், ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஃபிலிம் 3 நிமிடம் 15 வினாடி இருக்கவேண்டும். அரை டிகிரி பிசகினாலும் நிறம் மாறத் தொடங்கும். எனவே கலரை நல்ல லேபில் கொடுத்துவிடுங்கள். ஒரே கல்யாணத்தின் எல்லா ரோலையும் ஒரே நாளில் அனுப்பாமல், முதலில் முக்கியமில்லாத ஒரு ரோலை மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள். ஸ்கேன் வந்ததும் நெகட்டிவைக் கேட்டு வாங்க மறக்கவேண்டாம்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், கழுவவும் வேண்டும் என்பது என் எண்ணம். எச்பி5 பிளஸை 400இல் எடுத்திருந்தால், நீர் கலக்காத ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 1600இல் எடுத்திருந்தால் 14 நிமிடம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் கோடையில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும் என்பதால், டெவலப்பர் பாட்டிலைப் பனிக்கட்டி போட்ட வாளியில் நிறுத்திக் குளிரவையுங்கள். பனிக்கட்டியை டெவலப்பருக்குள் போடக்கூடாது. படத்தை நிலைநிறுத்தும் திரவமான ஃபிக்ஸரும் கழுவும் நீரும் ஏறக்குறைய அதே வெப்பநிலையில் இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதில் அலசி அப்படியே உலர்த்தினால் நெகட்டிவில் வெள்ளைத் திட்டுகள் படியும். கடைசி அலசலை மட்டும் வெட்டிங் ஏஜென்ட் (நீர்த்துளி தங்காமல் வழிந்தோடச் செய்யும் திரவம்) ஓரிரு சொட்டு விட்ட காய்ச்சிவடித்த நீரில் செய்யுங்கள். மின்விசிறி ஓடாத, தூசி இல்லாத குளியலறையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, நன்றாக உலர்ந்த பிறகு ஆறு ஆறு படமாக வெட்டுங்கள்.

வெட்டிய நெகட்டிவை பாலிப்ராப்பிலீன் உறையில் இடுங்கள்; பிவிசி உறை நாளடைவில் ஃபிலிமைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு உறையிலும் தேதி, ஊர், நிகழ்வு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, சிலிக்கா ஜெல் பையோடு மூடி இறுக்கமான பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். சிலிக்கா ஜெல் ஈரத்தை இழுத்து நிறம் மாறியதும் வாணலியில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் நான் இதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்கிறேன். ஆல்பம் கொடுக்கும் நாளில் நெகட்டிவ் பெட்டியையும் குடும்பத்தாரிடம் கொடுத்து, ஃபிலிமை விளிம்பில் மட்டுமே பிடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பார்ப்பது எப்படி என்பதை அவர்கள் கையில் ஒரு துண்டைக் கொடுத்துக் காட்டிவிட்டு வாருங்கள்.